15 வயதில் கழித்துவிடப்பட்ட ஹெர்மன் மையர்: தவறு யாருடையது?

கரிசல்காட்டான்:
ஆஸ்திரிய ஸ்கீ (பனிச்சறுக்கு) வீரர் ஹெர்மன் மையர் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். 1998 நகானோ ஒலிம்பிக், ஹகுபா மலைச்சரிவு, உடம்பு ஆகாயத்தில் படுக்கைவசமாகப் பறக்கும் அந்தப் படம். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்தார். இரண்டு பாதுகாப்பு வலைகளைக் கிழித்துக்கொண்டு போய்ப் பனியில் புரண்டு, எழுந்து, கையை ஆட்டினார். 16-ஆம் தேதி சூப்பர்-ஜியில் தங்கம். 19-ஆம் தேதி ஜயண்ட் ஸ்லாலமில் இன்னொரு தங்கம். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு அவருடைய 15 வயதும் 23 வயதும்தான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 1972 டிசம்பர் 7-இல் ஆல்டென்மார்க்டில் பிறந்தவர், பக்கத்து ஊர் ஃப்ளாஹாவ்வில் வளர்ந்தவர். அப்பா அங்கே ஸ்கீ பள்ளி நடத்தினார். பையனை ஷ்லாட்மிங்கில் உள்ள ஸ்கீ பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். நோஞ்சான் உடம்பு, முழங்காலில் வளர்ச்சிக் கோளாறு. 15 வயதில், இது தேறாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து கொத்து வேலை கற்றுக்கொண்டார். கோடையில் கட்டடம், குளிர்காலத்தில் அப்பாவின் பள்ளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுப்பது. இப்படியே வருடங்கள் போயின.

1996 ஜனவரி 6. சொந்த ஊரான ஃப்ளாஹாவ்வில் உலகக் கோப்பை ஜயண்ட் ஸ்லாலம். மையர் போட்டியாளர் இல்லை, பந்தயத்துக்கு முன்னால் பாதையில் இறக்கிவிடப்படும் ஆட்களில் ஒருவர். அவர் இறங்கிய நேரத்தைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் 12-ஆம் இடம் வருகிறது. அடுத்த மாதமே ஹின்டர்ஸ்டோடரில் முதல் உலகக் கோப்பைப் பந்தயம். அடுத்த வருடம் பிப்ரவரியில் கார்மிஷ்ஷில் முதல் வெற்றி. அதற்கடுத்த வருடம் இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

அந்த ஜனவரிப் பந்தயம் வேறு ஊரில் நடந்திருந்தால்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்துவிட்டேன். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தென்றல்:
வணக்கம். பனியை நேரில் பார்க்காதவள் நான், ஆனாலும் படித்ததும் சிலிர்த்துவிட்டது. பந்தயத்துக்கு முன்னால் எதற்கு ஆள் இறக்குகிறார்கள்? சூப்பர்-ஜி, ஜயண்ட் ஸ்லாலம் வித்தியாசத்தையும் யாராவது சொல்லுங்களேன்.

நூறிலொரு நொடி:
தென்றல், பாதை எப்படி இருக்கிறது, கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா, கேமராக்காரர்கள் தயாரா என்று பார்க்கத்தான். கம்பங்களைச் சுற்றி முதல் தடத்தைப் போடுவதும் அவர்கள்தான். அவர்கள் நேரம் முடிவுப் பட்டியலில் ஏறாது. உள்ளூர் ஸ்கீ சங்கத்துப் பையன்களுக்கு இந்த வேலை கிடைக்கும். முன்னோடி என்ற நம் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம், முன்னால் ஓடுகிறவர்தானே.

டவுன்ஹில் என்பது நீளமான அதிவேக இறக்கம். பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் பயிற்சி ஓட்டம் உண்டு. சூப்பர்-ஜியில் வேகமும் வேண்டும், திருப்பமும் வேண்டும். அதில் பயிற்சி ஓட்டம் கிடையாது. காலையில் பாதை ஓரமாக மெதுவாகச் சறுக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு கம்பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும், அப்புறம் ஒரே ஓட்டம். ஜயண்ட் ஸ்லாலமில் திருப்பங்கள் அதிகம், இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டுவார்கள். ஸ்லாலமில் கம்பங்கள் ரொம்ப நெருக்கம். உலகக் கோப்பையில் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்து 80, 60 என்று குறைந்து 30-ஆம் இடத்துக்கு 1 புள்ளி. பருவம் முழுக்கச் சேர்த்ததில் யாருக்கு அதிகமோ அவருக்குப் பெரிய கண்ணாடிக் கோளம்.

மையருக்கு அந்தப் பெரிய கோளம் நான்கு முறை: 1998, 2000, 2001, 2004. மொத்தம் 54 உலகக் கோப்பை வெற்றிகள். சூப்பர்-ஜியில் 24, டவுன்ஹில்லில் 15, ஜயண்ட் ஸ்லாலமில் 14, டவுன்ஹில்லும் ஸ்லாலமும் சேர்ந்த கூட்டுப் போட்டியில் 1. 1999–2000 பருவத்தில் சரியாக 2000 புள்ளி, ஆண்களில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. 2023-இல் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் 2042 எடுத்தபோதுதான் அது உடைந்தது.

கரிசல்காட்டான் ஐயா தலைப்பில் கேட்டதற்கு என் பதில்: பள்ளிமேல் தவறு இல்லை. ஆஸ்திரியாவில் எவ்வளவு நெரிசல் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 1998 டிசம்பர் 21, இன்ஸ்புரூக் சூப்பர்-ஜி. முதல் ஒன்பது இடங்களும் ஆஸ்திரியர்களுக்கு. ஜெயித்தவர் மையர். ஒன்பதாவதாக வந்தவர் வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அன்று அந்த நாட்டுக்கு முதல் ஆள். இப்படிப்பட்ட இடத்தில் முழங்கால் நோகிற ஒல்லிப் பையனுக்காக ஓர் இடத்தை எத்தனை வருடம் காலியாக வைத்திருப்பார்கள்?

இயன்முறையாளர்:
என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இரண்டு வார்த்தை. பிள்ளைகள் சட்டென்று உயரும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, தொடைத்தசையின் இழுப்பெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்த இடம் வீங்கி, தொட்டாலே துடிப்பார்கள். ஸ்கீயில் எந்நேரமும் முழங்காலை மடக்கித்தானே நிற்க வேண்டும்! பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்றதும் வலியும் நின்றுவிடும். மையரின் கோளாறு துல்லியமாக இதுவேதான் என்று சொல்ல வரவில்லை. அந்த வயது முழங்காலின் பொதுவான கதை இது.

15 வயதில் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், இன்னொருவன் குழந்தை மாதிரி இருப்பான். உடம்பின் வயது வேறு, சான்றிதழில் உள்ள வயது வேறு. அன்றைக்கு அனுப்பியதை நான் குறை சொல்ல மாட்டேன். 18 வயதில் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும், 20 வயதில் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லை, வழிமுறையும் இல்லை. என் வருத்தம் அதில்தான்.

மேஸ்திரி மகன்:
பேரைப் பார்த்தாலே தெரியும், நான் ஏன் இந்த இழைக்கு வந்தேன்னு. எங்க அப்பா கொத்தனார். லீவு நாள்ல நானும் சித்தாளா போயிருக்கேன்.

கொத்து வேலைன்னா கை வேலைன்னு நினைப்பாங்க. உண்மையில அது இடுப்பும் தொடையும் சேர்ந்த வேலை. சுவர் கீழ் வரிசையில இருக்கிறப்ப முழுசா குந்தி உட்காரணும், அரையடி ஏறினா அரைக்குந்தல்ல நிக்கணும். அந்த அரைக்குந்தல்லயே சாந்து அள்ளி, செங்கல் வைச்சு, கரண்டிப் பிடியால ரெண்டு தட்டு தட்டி, ரசமட்டம் வச்சுப் பார்த்து, அடுத்த கல்லுக்கு இடுப்பை மட்டும் திருப்பணும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை! ஆஸ்திரியாவுல கல்லு வேற, பனிக்கு ஏத்த மாதிரி பெரிய கல்லா இருக்கும். ஆனா குந்தல் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே.

நேத்து மையரோட பழைய சூப்பர்-ஜி ஓட்டம் ஒண்ணை மெதுவா ஓட விட்டுப் பார்த்தேன். தலையும் தோளும் ஆடாம ஒரே மட்டத்துல வருது, கீழ காலு மட்டும் குலுங்குது. சாரத்துல நிக்கிற கொத்தனார் அப்படித்தான் நிப்பார். நோஞ்சானா வந்த பையனை ஆளாக்கினதுல அந்த வருஷங்களுக்குப் பங்கு உண்டுன்னு நான் நம்புறேன். வீணாப் போன காலம்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

கரிசல்காட்டான்:
மேஸ்திரி மகன் தம்பி, இதை எழுதினதுக்கு நன்றி. உடம்பு விஷயத்தில் மையரைத் தொடர்ந்து தேற்றியது ஓபர்டாவர்ன் பயிற்சி மையத்தில் இருந்த ஹைன்ரிஷ் பெர்க்முல்லர். நிலையான சைக்கிளில் மணிக்கணக்காக மிதிக்க வைத்து, காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடுமையாக உழைக்கும் தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் லாக்டேட்டின் அளவு பார்த்து, எவ்வளவு மிதிக்கலாம் என்று கணக்கிடும் முறை. பந்தயம் முடிந்தும் மையர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

இப்போது நூறிலொரு நொடிக்கு என் பதில். நகானோ ஜயண்ட் ஸ்லாலம் மேடையை நினைத்துப் பாருங்கள். தங்கம் மையர். வெள்ளி ஸ்டெஃபான் எபர்ஹார்ட்டர். அவரும் ஆஸ்திரியர்தான், அவர் கதை என்ன? 1991 ஸால்பாக் உலகச் சாம்பியன்ஷிப்பில் 21 வயதில் இரண்டு தங்கம் வாங்கியவர். பிறகு காயம் மேல் காயம், அணியிலிருந்தே வெளியே. ஐரோப்பியக் கோப்பை என்னும் இரண்டாம் கட்டத்துக்கு இறங்கிப்போய், அங்கிருந்து ஏறி வந்தார். 1998-இல் அந்த மேடையின் மேல் இரண்டு படிகளிலும் நின்ற இரண்டு பேரையும் ஆஸ்திரிய ஸ்கீ அமைப்பு ஏதோ ஒரு கட்டத்தில் கைவிட்டிருந்தது. ஒருவர் என்றால் விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். ஒரே நாளில் இரண்டு பேர் என்றால்?

நூறிலொரு நொடி:
எபர்ஹார்ட்டர் உதாரணம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு ஐயா. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக். ஆஸ்திரியாவின் ஃப்ரான்ஸ் க்ளாம்மர் 1976 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கியவர். மஞ்சள் உடையில் 15-ஆம் எண்ணோடு, விழப்போகிறார் விழப்போகிறார் என்று நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க இறங்கி, சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸியை 0.33 நொடியில் முந்திய மனிதர். உலகக் கோப்பையில் 25 டவுன்ஹில் வெற்றி. அப்பேர்ப்பட்டவரை 1980-இல் அணியில் சேர்க்கவில்லை. மாற்று ஆளாகக் கூட்டிப்போன லெயோன்ஹார்ட் ஸ்டோக், பயிற்சி ஓட்டங்களில் வேகமாக இறங்கியதால் அணிக்குள் வந்தார், தங்கமும் வாங்கினார். அந்த அமைப்பு சரியாகவும் தேர்ந்தெடுத்திருக்கிறதே?

கரிசல்காட்டான்:
நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது! ஸ்டோக்கை முதலில் மாற்று ஆள் என்றுதான் வைத்தார்கள். அவரை உள்ளே கொண்டுவந்தது பயிற்சி ஓட்டத்தின் கடிகாரம். மையரை உள்ளே கொண்டுவந்ததும் முன்னோடியாக இறங்கிய நாளின் கடிகாரம். கடிகாரத்துக்கு முன்னால் நிற்க ஒரு வழி கிடைத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வழி எத்தனை பேருக்கு இருந்தது என்பதுதான் என் கேள்வி. ஃப்ளாஹாவ்வில் பந்தயம் நடந்ததால் ஃப்ளாஹாவ் கொத்தனாருக்கு இருந்தது. பந்தயமே நடக்காத மலைக்கிராமத்துக் கொத்தனாருக்கு?

தென்றல்:
இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. விபத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். மோட்டார் சைக்கிள் விபத்து என்று எங்கோ படித்தேன்.

லுசேர்ன் வாசி:
தென்றல் தங்கச்சி, அதை நான் சொல்லுறன். 2001 ஓகஸ்ட் 24. பயிற்சி முடிச்சு மோட்டார் சைக்கிளில வீட்டை வரேக்க ராட்ஷ்டாட்டுக்குக் கிட்ட ஒரு காரோட மோதுப்பட்டவர். வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு நொறுங்கி வெளியில வந்திட்டுது. காலை எடுக்க வேண்டி வருமோ எண்டு வைத்தியர்மார் யோசிச்ச நிலைமை. சால்ஸ்பர்க்கில ஏழு மணித்தியாலம் சத்திர சிகிச்சை. எலும்புக்குள்ள டைட்டானியம் கம்பி. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக் அப்பிடியே போச்சுது.

2003 ஜனவரி 14, எங்கட சுவிஸ் அடல்போடனில திரும்பி வந்தார். ஜயண்ட் ஸ்லாலம். முதல் ஓட்டத்தில முப்பது பேருக்குள்ள வந்தாத்தான் ரெண்டாவது ஓட்டம். அவர் வரேல்லை. என்னோட வேலை செய்த சுவிஸ்காரர், இனி அவ்வளவுதான், காலைக் காப்பாத்தினதே பெரிசு எண்டு சொல்லிச்சினம்.

பதின்மூண்டு நாள் கழிச்சு ஒரு திங்கட்கிழமை. நான் அப்ப இஞ்ச ஒரு உணவகத்தின்ர குசினியில வேலை. மத்தியானக் கூட்டம் தொடங்கிற நேரம், பாத்திரம் கழுவிற தொட்டிக்கு மேல ஒரு சின்ன ரிவி. கிட்ஸ்பூயல் சூப்பர்-ஜி. சுவிஸ்காரருக்கு ஒஸ்ரியாக்காரர் வெல்லுறது எண்டால் கொஞ்சமும் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். மையர் இறங்கேக்க பெரிய சமையல்காரர் கரண்டியைக் கையில வச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டுட்டார். அடுப்பில சோஸ் பொங்குது, ஒருத்தரும் பாக்கேல்லை. கீழ வந்து நேரம் பச்சையில விழுந்திச்சு, அப்பிடியெண்டா முதலிடம். மையர் அழுகிறார். எங்கட குசினியில ஒருத்தர் கை தட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினம். அந்தப் பெரியவர், ஒஸ்ரியாக்காரனுக்கு நான் கை தட்டினது இதுதான் முதல் தரம் எண்டார்.

அதே வருசம் சென். மோரிட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில சூப்பர்-ஜி வெள்ளி, அமெரிக்காவின்ர போடி மில்லரோட சமநிலை. கோடையில துர் து ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின்ர நூற்றாண்டுத் தொடக்கத்தில, முதல் நாள் பாதையில முன்னோடியா சைக்கிள் ஓட்டினவர். பழையபடி முன்னோடி!

இயன்முறையாளர்:
லுசேர்ன் வாசி அண்ணா, நேரில் இருந்தது போலப் படித்தேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்கீ பூட்ஸின் மேல் விளிம்பு கெண்டைக்கால் நடுவில் அழுத்தும். முன்பக்கம் சாய்ந்து பூட்ஸின் நாக்கில் அழுத்தினால்தான் ஸ்கீ திரும்பும். மையருக்கு எலும்பு நொறுங்கிய கால் அதுவேதான். வலது கால்தான் இடப்பக்கத் திருப்பத்தில் முழுப் பாரத்தையும் வாங்கும். ஒரு ஓட்டத்தில் பாதித் திருப்பங்கள் அப்படித்தான்.

நூறிலொரு நொடி:
விபத்துக்குப் பிந்தைய கணக்கு இது. அவர் இல்லாத 2002-லும் பாதிப் பருவம் ஆடிய 2003-லும் பெரிய கோளம் எபர்ஹார்ட்டருக்கு. 2004-இல் அதே எபர்ஹார்ட்டரை இரண்டாமிடத்துக்குத் தள்ளி மையர் நான்காவது கோளத்தை எடுத்தார். 2005 போர்மியோவில் ஜயண்ட் ஸ்லாலம் உலகச் சாம்பியன். 2006 டூரின் ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜி வெள்ளி, ஜயண்ட் ஸ்லாலம் வெண்கலம்.

ஆனாலும் ஆஸ்திரிய ஆண்களில் மிகச் சிறந்தவர் யார் என்றால் நான் மார்செல் ஹிர்ஷரைத்தான் சொல்வேன். 67 வெற்றி, 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டுப் பெரிய கோளங்கள். எட்டு வருடம் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காமல் முதலிடம் என்பதை வேறு யாரும் செய்ததில்லை.

கரிசல்காட்டான்:
எண்ணில் ஹிர்ஷர்தான், சந்தேகமே இல்லை. பெண்களையும் சேர்த்தால் ஆன்னெமரி மோசர்-ப்ரோல் இருக்கிறார். 62 வெற்றி, ஆறு பெரிய கோளங்கள், ஃப்ளாஹாவ்வுக்குப் பக்கத்திலேயே க்ளைனார்ல் கிராமத்துக்காரர். அவர் பேரில் தனி இழையே தொடங்கலாம். நான் யார் பெரியவர் என்று கேட்கவில்லை, கதவைப் பற்றித்தான் கேட்கிறேன். ஹிர்ஷரைச் சின்ன வயதிலிருந்தே அப்பா ஃபெர்டினான்ட் கூடவே நின்று செதுக்கினார். மையருக்குக் கதவு 23 வயதில் திறந்தது. 30 வயதுக்குள் முடித்துவிடும் ஆட்கள் நிறைந்த விளையாட்டில் 23 என்பது எவ்வளவு தாமதம்! கடைசி வெற்றி 2008 நவம்பர் 30, லேக் லூயிஸ் சூப்பர்-ஜி. 36 வயது ஆக ஒரு வாரம்தான் பாக்கி.

தென்றல்:
1997 வால் டிசேரில் ஜெயித்தும் தகுதிநீக்கம் ஆனார் என்று ஒரு வரி படித்தேன். என்ன தப்புச் செய்தார்?

நூறிலொரு நொடி:
ஜயண்ட் ஸ்லாலமில் எல்லாரையும் முந்திவிட்டார். இறங்கி நின்ற இடத்தில், அங்கே போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே ஸ்கீயைக் கழற்றிவிட்டார். விதிப்படி அது கூடாது. வெற்றி மிஷாயல் ஃபோன் க்ரூனிகனுக்குப் போனது. சரிவில் ஒரு தப்பும் இல்லை, நின்ற பிறகுதான். அந்தப் பருவத்தின் பெரிய கோளத்தை அப்படியும் அவர்தான் வாங்கினார்.

மேஸ்திரி மகன்:
நேத்து ராத்திரி இந்த இழையை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நகானோல விழுந்ததைப் போன்ல போட்டுக் காட்டினேன், அதுக்கு ஒண்ணும் சொல்லல. கிட்ஸ்பூயல் ஓட்டத்தைக் காட்டினப்ப, போனைக் கையில வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுக்கிட்டார். அப்பாவுக்கு சாரம் சரிஞ்சு விழுந்ததுல வலது கால்ல கம்பி இருக்கு, பதினோரு வருஷம் ஆச்சு. ரெண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "கம்பி வச்ச காலு குளிருக்குக் குடையுமேடா. அந்தப் பனியில எப்படிடா நின்னான்?"

இயன்முறையாளர் சார், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். அப்பா காத்துக்கிட்டிருக்கார்.

இயன்முறையாளர்:
அப்பாவிடம் சொல்லுங்கள்: குடைந்திருக்கும். குளிரில் காலைச் சுற்றியுள்ள தசை இறுகும், பழைய முறிவு உள்ள இடம் முதலில் வலிக்கும். அதனால் மேலே போவதற்கு முன் சைக்கிளில் உட்கார்ந்து காலைச் சூடாக்கிக்கொள்வார்கள், தொடக்க இடத்திலும் கடைசி நிமிடம் வரை போர்வையும் மேலுடையும் போட்டுக் குதித்துக்கொண்டே இருப்பார்கள். அப்பாவும் காலையில் வேலைக்கு ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் நடந்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பளித் துணி சுற்றிக்கொள்ளட்டும். இன்னும் வேலைக்குப் போகிறாரா?

மேஸ்திரி மகன்:
போறார் சார். நாளைக்கு ரூஃப் கான்கிரீட்.